இளையர்களுக்குப் போதைத் தடுப்பு நிகழ்ச்சி: 3,000 வெள்ளியில் என்ன செய்யலாம்?

ஈசூன்வாசி கேட்டது:

வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வட்டார இந்திய நற்பணிச் செயற்குழுவின் இளையர் பிரிவுக்கு 3,000 வெள்ளி ஒதுக்கியிருக்கிறார்கள். 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் போதைப்பொருள் தடுப்பு பற்றி ஏதாவது செய்ய வேண்டும்.

இப்போதைக்குக் கையில் இருக்கும் திட்டம்: ஜூன் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, காலை 10 முதல் மாலை 4 வரை, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலும் பக்கத்து ஃபுட்சால் திடலிலும் கேளிக்கை நாள். 60 பிள்ளைகள். ஐவர் காற்பந்து, போதையிலிருந்து மீண்ட ஒருவரின் பேச்சு, சுவரொட்டிப் போட்டி, பெரிய பலகையில் உறுதிமொழிக் கையெழுத்து, டி-சட்டை, பிரியாணி.

குழுவில் பாதிப் பேர் சரி என்கிறார்கள். மீதிப் பேர், "ஆண்டறிக்கைக்குப் படம் கிடைக்கும், வேறு ஒன்றும் கிடைக்காது" என்கிறார்கள். ஒரு நாள் நிகழ்ச்சியால் பயன் உண்டா? இல்லையென்றால் இதே பணத்தில் வேறு எப்படிச் செய்வது? வேப் (மின்சிகரெட்) பற்றியும் பேசலாமா, போதைப்பொருளோடு நிறுத்திக்கொள்வதா? தொண்டூழியர்கள் 6 பேர் இருக்கிறோம். யாரும் பயிற்சி பெற்ற ஆலோசகர் இல்லை.

கீழ்த்தளம் பதில்:

அந்த மீதிப் பேர் சொல்வதுதான் சரி. ஒரே நாளில் 60 பேரைக் கூட்டி 3,000 வெள்ளியைக் கரைப்பதற்குப் பதில், 24 பேரை எட்டு வாரம் கூட்டுங்கள். ஐநா போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகத்தின் தடுப்பு வழிகாட்டி ஒன்று இருக்கிறது. 2013-இல் வந்தது, 2018-இல் திருத்தினார்கள். பயமுறுத்துவது, தகவலை மட்டும் கொட்டுவது, மீண்டவரை மேடையேற்றிச் சொந்தக் கதை சொல்லவைப்பது, இவையெல்லாம் பலன் தராதவை என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. உங்கள் கேளிக்கை நாளில் மீண்டவர் பேச்சு இருக்கிறது.

மீண்டவர் பேச்சை ஏன் வேண்டாம் என்கிறேன்? பேசுபவரின் நல்லெண்ணத்தில் குறை இல்லை. ஆனால் 14 வயதுப் பையன் பார்ப்பது வேறு. "பதினைந்து வருஷம் போதை அடித்தார், இப்போது நன்றாகத்தான் நிற்கிறார், எல்லாரும் கை தட்டுகிறார்கள்." வேண்டுமானால் அவரைப் பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள், அங்கே அவர் பேச்சுக்கு எடை உண்டு. அங்கேயும் நான்கு விஷயம் வரக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: எப்படி இருந்தது, எப்படி எடுப்பது, என்ன விலை, எங்கே ஒளித்துவைத்தார்.

எப்போது நடத்துவது: ஜூனை விடுங்கள். பாதிப் பிள்ளைகள் ஊருக்கும் ஜோகூருக்கும் போய்விடுவார்கள். ஜூன் 26 அனைத்துலகப் போதைப்பொருள் ஒழிப்பு நாள் என்பதால் தொண்டூழியர்களையும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். பள்ளியின் மூன்றாம் தவணைதான் தோது. ஜூலை முதல் வாரம் தொடங்கி ஆகஸ்ட் இறுதிக்குள் எட்டு வெள்ளிக்கிழமைகள். செப்டம்பரைத் தொட்டால் ஆண்டிறுதித் தேர்வு வந்துவிடும், கூட்டம் பாதியாகக் குறையும். சனிக்கிழமை இணைப்பாடமும் துணைப்பாட வகுப்பும் தின்றுவிடும். வெள்ளி இரவில்தான் பிள்ளைகள் வேலை இல்லாமல் கீழே உட்கார்ந்திருப்பார்கள். நாம் பிடிக்க வேண்டிய நேரம் அதுதான்.

ஒரு மாலை இப்படிப் போகட்டும். 7.30-க்கு வருகை, மைலோ, பிஸ்கட். 7.40 முதல் 8.10 வரை ஆட்டம். திடலைக் குறுக்கே இரண்டாகப் பிரித்து இரண்டு நால்வர் ஆட்டம். 16 பேர் ஆட, 8 பேர் ஓய்வு, நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றம். முழுத் திடலில் ஐவர் ஆட்டம் வைத்தால் 14 பேர் சும்மா நிற்பார்கள், அங்கேதான் சலசலப்பு தொடங்கும். பந்து 4-ஆம் எண் ஃபுட்சால் பந்தாக இருக்கட்டும். 5-ஆம் எண் சிமெண்டுத் தரையில் எகிறிக் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடும். 8.10 முதல் 8.40 வரை எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து அன்றைய பாடம். நாற்காலிகள் பந்து கண்ணில் படாத இடத்தில். 8.40 முதல் 9 வரை மறுபடி ஆட்டம். பிறகு சாப்பாடு. பாடத்தைக் கடைசியில் வைத்தால் ஆட வந்தவன் ஆடிவிட்டு நழுவிவிடுவான். இரண்டு ஆட்டத்துக்கு நடுவே வைத்தால் இருப்பான். சாப்பாட்டை முதலில் கொடுக்காதீர்கள். கடைசி இருபது நிமிடம் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு பேசும்போதுதான் பாடத்தில் வராத கேள்விகள் வரும்.

எட்டு வாரத்துக்கும் பாடம். முதல் வாரம் ஆட்டமும் விதிமுறையும் மட்டும். இரண்டாம் வாரம் "எத்தனை பேர்?" சீட்டு (கீழே விளக்குகிறேன்). மூன்றும் நான்கும் மறுத்துச் சொல்லும் பயிற்சி. ஐந்தாம் வாரம் கோபம், தூக்கம், தேர்வு அழுத்தம். ஆறாவது டெலிகிராமும் "பொட்டலம் கொண்டுபோய்க் கொடு" வேலையும். ஏழாவது பெற்றோருடன். எட்டாவது அவர்களே ஏதாவது செய்வது. பொருள்களின் பெயரும் விளைவும் இவற்றுக்கு நடுவே வந்துபோகட்டும், தனிப் பாடமாக வேண்டாம். பெயர்ப் பட்டியல் நீண்டால் ஆர்வமும் நீளும்.

சீட்டு விளையாட்டு: 24 வெள்ளைத் தாள், ஒரு காலி பிஸ்கட் டின். "சிங்கப்பூரில் 15 முதல் 65 வயது வரை 100 பேரை எடுத்தால், வாழ்நாளில் ஒருமுறையாவது போதைப்பொருள் எடுத்தவர் எத்தனை பேர்?" பெயர் எழுதாமல் எண்ணை மட்டும் எழுதிப் போடச் சொல்லுங்கள். உரக்கப் படித்துச் சராசரி போடுங்கள். 20, 30 என்றுதான் வரும். பிறகு மனநலக் கழகம் 2021-22-இல் எடுத்த ஆய்வின் கணக்கைச் சொல்லுங்கள்: 2.3 விழுக்காடு. "எல்லாரும் செய்கிறார்கள்" என்ற நினைப்பு உடைவதுதான் இங்கே வேலை. அதே ஆய்வில், எடுத்தவர்கள் முதலில் தொட்ட சராசரி வயது 15.9. அதைப் பிள்ளைகளிடம் சொல்லவேண்டாம், பெற்றோர் கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையிடம் சொன்னால் "இந்த வயதில் தொடங்குவதுதான் வழக்கம்" என்று காதில் விழும். இன்னொரு எச்சரிக்கை. "இந்த 24 பேரில் எத்தனை பேர்?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். உண்மையில் ஐந்தாறு பேர் இருந்துவிட்டால் நீங்களே அதை இயல்பாக்கிவிட்டீர்கள்.

ஆள் சேர்ப்பதில் பெரும்பாலோர் தவறுவது ஒன்று உண்டு. "ஆபத்தில் இருக்கும் பிள்ளைகள்" என்று 24 பேரைப் பொறுக்கி ஒரே குழுவாகப் போடாதீர்கள். அப்படிப்பட்ட குழுக்களில் ஒருவர் சாகசத்துக்கு மற்றவர் சிரிக்க, சிரிப்பே பரிசாகி, பழக்கம் கூடுவது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. நான்கில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மீதி சாதாரணப் பிள்ளைகள். நிகழ்ச்சிக்குப் "போதை ஒழிப்பு" என்று பெயரும் வைக்காதீர்கள். அந்தப் பதாகையின் கீழ் மகன் நிற்கும் படம் வாட்ஸ்அப்பில் சுற்றினால் எந்த அம்மா அடுத்த வாரம் அனுப்புவார்? வெள்ளிக்கிழமைக் காற்பந்து என்றே இருக்கட்டும். ஆனால் பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் பாடம் என்ன என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

உறுமிக்காரன் பதில்:

ஃபுட்சால் என்றாலே பெண்பிள்ளைகள் வரமாட்டார்கள் என்பதை யாரும் சொல்லவில்லையே. அறிவிப்பில் "அனைவரும் வரலாம்" என்று போட்டாலும் முதல் வாரம் இரண்டு பேர் வந்து, மூன்றாம் வாரம் அவர்களும் நின்றுவிடுவார்கள். நடனமோ, சிலம்பமோ, உறுமியோ பக்கத்தில் இணையாக ஓடட்டும். பாட நேரத்துக்கு எல்லாரும் ஒரே வட்டம்.

உறுமி வைப்பதாக இருந்தால் மூன்று விஷயம். கீழ்த்தளத்தில் அடித்தால் இரண்டாம் மாடியிலிருந்து புகார் வராமல் போகாது. சமூக மன்றத்தில் கதவு மூடும் அறை கேளுங்கள், இல்லையென்றால் பயிற்சிக்குத் தோலின்மேல் மடித்த துண்டைப் போட்டு அடிக்கட்டும். தாளம் பிடிபடத்தான் பயிற்சி, சத்தம் வேண்டியதில்லை. இரண்டாவது, ஆறு உறுமிக்கு 12 பேர் போதும். அதற்கு மேல் போனால் பாதிப் பேர் கைப்பேசியில்தான் இருப்பார்கள். மூன்றாவதுதான் முக்கியம். சொல்லிக்கொடுக்க வருபவர் இடைவேளையில் பையன்களோடு புளோக் பின்னால் போய்ப் புகைப்பவராக இருக்கக்கூடாது. வாசிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. எட்டு வாரப் பாடத்தை அந்த ஐந்து நிமிடம் அழித்துவிடும்.

கோயில் விழா பருவத்தை ஒட்டித் தொடங்காதீர்கள். குழுக்கள் வேறு வேலையில் இருக்கும்.

மூன்றாம்மாடி பதில்:

வேப் பற்றிக் கேட்டீர்கள். அதை விட்டுவிட்டுப் பேசினால் பிள்ளைகள் உங்களை வேற்றுக் கிரகவாசி மாதிரி பார்ப்பார்கள். ஆனால் இரண்டு பொருளையும் குழப்பாமல் பேசுங்கள்.

சாதாரண வேப்: நிகோட்டின். 2018 பிப்ரவரி 1 முதல் சிங்கப்பூரில் வைத்திருப்பதும் வாங்குவதும் பயன்படுத்துவதும் குற்றம். கேபாட்: அதே கருவி, உள்ளே எட்டோமிடேட். மருத்துவமனையில் மயக்கம் கொடுக்க ஊசிவழி போடும் மருந்து அது, நுரையீரலுக்குள் இழுக்கத் தயாரித்தது இல்லை. தள்ளாட்டம், குழறல், உடல் வெட்டி வெட்டி இழுப்பது, நினைவு தப்புவது எல்லாம் வரும். அட்ரினல் சுரப்பியின் வேலையையும் அடக்கும். 2025 செப்டம்பர் 1 அன்று அதை இடைக்காலமாக சி பிரிவு போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தார்கள். ஆகவே "வேப் தானே, அபராதம் கட்டினால் முடிந்தது" என்ற பேச்சு இப்போது செல்லாது. பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்ல ஒரே வரி போதும்: கருவியைக் கையில் பிடித்துப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது, விற்பவனாலும் முடியாது.

வெளிநாடு பற்றிக் கேள்வி கட்டாயம் வரும். தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது பிள்ளைகளுக்குத் தெரியும். 2025-இல் மறுபடி இறுக்கியது பலருக்குத் தெரியாது. எது எப்படி இருந்தாலும், சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் இங்கே உட்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். தாய்லாந்தின் ஹாட்யாயில் சாப்பிட்ட கஞ்சா மிட்டாய் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் சிறுநீரில் தெரியும். கஞ்சா இங்கே ஏ பிரிவு. உட்கொண்டதாக வழக்குப் போட்டால் 10 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும்.

"பொட்டலம் கொண்டுபோய்க் கொடு, 100 வெள்ளி" பாடத்தில் சொல்ல வேண்டியது வேறு. உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது என்று சொல்லிவிட்டால் போதும் எனப் பையன்கள் நம்புகிறார்கள். சட்டம் தலைகீழாக இருக்கிறது. போதைப்பொருள் இருந்த பொருள் உன்னிடம் இருந்தால், அந்தப் போதைப்பொருளும் உன் வசம் இருந்தது, அது என்னவென்று உனக்குத் தெரியும் என்றுதான் தொடக்கத்திலேயே அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது உன் பொறுப்பு. அதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மரண தண்டனை சரியா தவறா என்று விவாதம் எழுந்தால் அரை மணி நேரமும் போய்விடும், மறுத்துச் சொல்லப் பழகுவது நடக்காது.

மறுத்துச் சொல்லும் பயிற்சியை எல்லாரும் சொதப்புவது ஒரே இடத்தில். கொடுப்பவனை வில்லனாக ஆக்கிவிடுகிறார்கள். நடிப்பவன் மீசை முறுக்கி, குரலை மாற்றி, எல்லாரும் சிரித்து முடிந்துவிடும். நிஜத்தில் கொடுப்பவன் பக்கத்து வீட்டு நண்பன், சில சமயம் சித்தப்பா மகன். ஆகவே மூவர் குழு: ஒருவன் கேட்கிறான், ஒருவன் மறுக்கிறான், ஒருவன் பார்க்கிறான். கேட்பவன் நல்ல நண்பனாகவே பேச வேண்டும், மூன்று முறை வற்புறுத்த வேண்டும். கையில் மார்க்கர் பேனா போதும், நிஜ வேப்பைக் கொண்டுவராதீர்கள், காலி கருவி கூட. இப்படிப் போகும்:

"டேய், ஒரு இழுப்புதான்டா."
"வேணாம்டா."
"எல்லாரும் இழுத்தாச்சு. பயமா?"
"ஆமா, பயம்தான். வா, பிராட்டா சாப்பிடப் போலாம்."

அந்த "ஆமா" கவனியுங்கள். "பயமெல்லாம் இல்ல" என்றால் அதை நிரூபிக்க வேண்டியதாகிவிடும், பேச்சு நீளும். ஆமா என்றால் கேட்டவனுக்கு அடுத்த வரி இல்லை. காரணம் சொல்லவேண்டாம், காரணம் சொன்னால் அதற்குப் பதில் வரும். ஒரே வார்த்தையை மூன்று தடவையும் அதே குரலில் சொல்லட்டும், பிறகு பேச்சை மாற்றட்டும், பிறகு இடத்தைவிட்டு நகரட்டும். நகர்வதையும் எழுந்து நடந்து காட்டச் சொல்லுங்கள். உட்கார்ந்தபடி "பிறகு நான் போய்விடுவேன்" என்று சொன்னால் கணக்கில்லை. கூட்டத்திலேயே செல்வாக்குள்ள பையனைக் கேட்பவனாகப் போடாதீர்கள். அவனுக்குத்தான் சிரிப்பு விழும், மறுத்தவன் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும். பார்ப்பவன் எத்தனை விநாடியில் பேச்சு முடிந்தது என்று மட்டும் எண்ணட்டும். நான்காம் வாரம் அந்த எண்ணிக்கை பாதியாக வேண்டும்.

பேச்சாளரோ கண்காட்சிப் பலகையோ வேண்டுமென்றால் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவிடம் விண்ணப்பிக்கலாம். பெற்றோருக்கான கையேடும் அவர்களிடம் இருக்கிறது. அது ஏழாம் வாரத்துக்கு உதவும்.

ஈசூன்வாசி:

அண்ணன்களுக்கு நன்றி. ஒரு நாள் திட்டத்தைக் கைவிடுவதாக முடிவு. இரண்டு சந்தேகம். பணம் எட்டு வாரத்துக்குத் தாங்குமா? சாப்பிட உட்காரும்போது ஒரு பையன் "நானும் இழுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டால் நாங்கள் என்ன செய்வது? இதுதான் எங்கள் குழுவில் எல்லாருக்கும் பயம்.

கீழ்த்தளம்:

பணம் தாங்கும். சாப்பாடு 24 பேருக்கு 5 வெள்ளி வீதம் எட்டு வாரம் 960. பயிற்றுவிப்பாளருக்கு வாரம் 80 என்றால் 640. பந்து நான்கு 120. அணி பிரிக்க இரண்டு வண்ண மேலங்கிகள் 60. பெற்றோர் கூட்டம் இரண்டு, 20 பேர், தலைக்கு 8 வெள்ளி, 320. அச்சு 100. முதலுதவிப் பெட்டி 60. மொத்தம் 2,260. மிச்சம் 740-இல் செப்டம்பர் விடுமுறை, நவம்பர், டிசம்பர் என மூன்று மறுகூடல் ஆட்டத்துக்குச் சாப்பாடு 360. 380 கையிருப்பு. டி-சட்டைக்குப் பணம் இல்லை, இருக்கவும் வேண்டாம். இடம்தான் முன்கூட்டியே பார்க்க வேண்டும். கீழ்த்தளத்துக்கு நகர மன்ற அனுமதி, திடலுக்கு அதை நிர்வகிப்பவர்களின் அனுமதி, இரண்டும் தனித்தனி. மழைக்கு மாற்று இடம் எழுத்தில் இருக்கட்டும்.

இரவுப்பணி பதில்:

அந்தப் பையன் சொன்னால் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். இதை முதல் வாரத்துக்கு முன்பே ஆறு பேரும் உட்கார்ந்து பேசி, ஒரே பக்கத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் யோசித்தால் தவறும்.

முதல் வாரமே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்: "எங்களிடம் எதுவும் சொல்லலாம். ஆனால் உன் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் நாங்கள் ரகசியமாக வைத்திருக்க மாட்டோம்." இதை முன்பே சொன்னால் பிறகு ஏமாற்றியதாக ஆகாது. பையன் வாய் திறந்தபின் "யாரிடமும் சொல்லமாட்டேன், சொல்லு" என்று சத்தியம் செய்வதுதான் தொண்டூழியர்கள் செய்யும் பெரிய தவறு. அடுத்த தவறு விசாரணை. எங்கே வாங்கினாய், யார் கொடுத்தது, எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். அது உங்கள் வேலை இல்லை, வட்டத்தில் இன்னொருவன் பெயர் வெளியே வந்தால் குழு உடையும்.

கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. "இப்போ உடம்புக்கு எப்படி இருக்கு?" "இது வீட்டில் யாருக்காவது தெரியுமா?" பிறகு, சொன்னது நல்லது என்று சொல்லுங்கள், திட்டாதீர்கள், ஆச்சரியமும் காட்டாதீர்கள். மற்றவர் கண்ணில் படும் ஆனால் காதில் விழாத இடத்தில் பேசுங்கள். கதவு மூடிய அறையில் தனியாக வேண்டாம், இரண்டாவது தொண்டூழியர் பார்வையில் இருக்கட்டும். அன்றிரவே பொறுப்பாளரிடம் சொல்லி, தேதி, நேரம், பையன் சொன்ன வார்த்தை என மூன்றையும் எழுதிவையுங்கள். உங்கள் கருத்தை எழுதவேண்டாம். அந்தத் தாள் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகவே கூடாது.

அவன் பையில் இருப்பதை வாங்கி உங்கள் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். கையில் இருந்தால் அது உங்கள் வசம் இருந்ததாகிவிடும், மேலே மூன்றாம்மாடி சொன்ன அதே சட்டம்தான். வேப் மட்டும் என்றால், 2025 ஆகஸ்டில் சில சமூக மன்றங்களில் போட்டுவிட்டுப் போகும் தொட்டிகள் வைத்தார்கள். தானாகக் கொண்டுவந்து போடுபவர்மேல் நடவடிக்கை இல்லை என்றும் அப்போது அறிவித்தார்கள். உங்கள் மன்றத்தில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவைத்து, அவனே கொண்டுபோய்ப் போடட்டும்.

அடுத்து ஆலோசனை. மனநலக் கழகத்தின் போதைப்பழக்கச் சேவை எண் 6732 6837. பேச ஆள் மட்டும் வேண்டும் என்றால் 1771. வேப்பை விட விரும்புபவருக்கு 1800 438 2000. பிள்ளை முன்னாலேயே பெற்றோரிடம் எப்படிச் சொல்வது என்று சேர்ந்து யோசியுங்கள். முடிந்தால் அவனே சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். சட்டப்படி என்ன ஆகும் என்பதை நீங்கள் உறுதி சொல்லாதீர்கள். 21 வயதுக்குக் கீழே, பழக்கம் முற்றாதவர்களுக்குக் காவலில் வைக்காமல் சிறுநீர் அல்லது முடிப் பரிசோதனையும் ஆலோசனையுமாக நடத்தும் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. ஆனால் யாருக்கு அது கிடைக்கும் என்பதை மதிப்பிடுவது அதிகாரிகள். "ஒன்றும் ஆகாது தம்பி" என்று நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்டு அது நடக்காவிட்டால், அந்தப் பிள்ளை இனி எந்தப் பெரியவரையும் நம்பமாட்டான்.

திடலிலேயே ஒருவன் தள்ளாடினால், பேச்சு குழறினால், உடல் வெட்டி இழுத்தால்: ஆம்புலன்ஸுக்கு 995. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், என்ன எடுத்தான் என்று நண்பர்களுக்குத் தெரிந்தால் மருத்துவ உதவியாளரிடம் மட்டும் சொல்லச் சொல்லுங்கள். "பிரச்சினை ஆகிவிடும்" என்று நடக்கவைத்துப் பார்ப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது, இதிலேயே பத்து நிமிடம் போய்விடும்.

பந்துப்பையன்:

எல்லாம் சரி, ஆனால் இவ்வளவு பாடம் எதற்கு? பிள்ளைகளை விளையாட்டில் போட்டுவிட்டால் தானாகவே விலகிவிடுவார்கள். ஐஸ்லாந்தில் அப்படித்தானே செய்தார்கள்?

கீழ்த்தளம்:

ஐஸ்லாந்தைப் பாதி மட்டும் சொல்கிறீர்கள். அங்கே 15, 16 வயதினரில் கடந்த மாதம் குடித்துப் போதையேறியவர்கள் 1998-இல் 42 விழுக்காடு, 2016-இல் 5. உண்மைதான். ஆனால் பந்தை மட்டும் கொடுக்கவில்லை. மன்றக் கட்டணத்துக்கு நகரசபை பணம் கொடுத்தது, பயிற்றுவிப்பாளர்கள் பயிற்சி பெற்றவர்கள், பெற்றோர் பள்ளிவாரியாக ஒப்பந்தம் போட்டார்கள், குளிர்காலத்தில் 13 முதல் 16 வயதுவரை இரவு 10-க்கு மேல் தனியாக வெளியே இருக்கக்கூடாது என்று சட்டமே உண்டு. பெரியவர் இல்லாத விளையாட்டு, ஆட்டம் முடிந்ததும் புளோக் படிக்கட்டில் இரண்டு மணி நேரம் உட்காரும் கூட்டமாகத்தான் முடியும். அதனால்தான் அதே ஆறு பேர் எட்டு வாரமும் வர வேண்டும் என்கிறேன். எட்டுப் பிள்ளைக்கு ஒருவர், எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர். வாரத்துக்கு ஒருவர் மாறி மாறி வந்தால் யாரிடமும் யாரும் பேசமாட்டார்கள்.

பெற்றோர் கூட்டம் இரண்டு போதும், தமிழிலேயே வையுங்கள். முதலாவது மூன்றாம் வாரம், பிள்ளைகள் ஆடும் நேரத்திலேயே பக்கத்து அறையில். தனி நாளில் கூப்பிட்டால் வரமாட்டார்கள். கேபாட் எப்படி இருக்கும், பிள்ளை பணம் கேட்பது திடீரென்று ஏன் கூடும், தள்ளாட்டத்தைக் கண்டால் என்ன செய்வது என்று இருபது நிமிடம். "என் பிள்ளை அப்படியில்லை" என்பவரிடம் வாதாடாதீர்கள். ஏழாம் வாரம் பிள்ளைகளோடு ஒரே வட்டம். அப்பாவைக் கேட்பவனாகவும் மகனை மறுப்பவனாகவும் வைத்து அதே மூவர் பயிற்சி. அப்பாக்கள் மூன்றாம் முறை வற்புறுத்த வார்த்தை கிடைக்காமல் தடுமாறுவார்கள், பிள்ளைகள் சொல்லிக்கொடுப்பார்கள்.

மூன்றாம்மாடி:

அறிக்கைக்கு என்ன எழுதுவது என்று அடுத்துக் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் பலகையை எண்ணாதீர்கள். வாரவாரம் வருகை எத்தனை, எட்டாம் வாரம் முதல் வாரத்தவர் எத்தனை பேர் மிச்சம், அதுதான் முதல் எண். 24-இல் 16 நின்றால் நன்றாக நடத்தியிருக்கிறீர்கள். முதல் வாரம், எட்டாம் வாரம், டிசம்பர் மறுகூடல் என மூன்று தடவை பெயரில்லாத தாளில் அதே மூன்று கேள்வி: உன் வயதினர் 100 பேரில் எத்தனை பேர் எடுப்பதாக நினைக்கிறாய்? நண்பன் கொடுத்தால் மறுக்க முடியும் என்று ஒன்று முதல் ஐந்துக்குள் எவ்வளவு நம்புகிறாய்? வீட்டுக்கு வெளியே பேசக்கூடிய பெரியவர் ஒருவராவது இருக்கிறாரா? "நீ எடுத்திருக்கிறாயா" கேட்காதீர்கள். 24 பேரில் கையெழுத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம், பிள்ளைகளுக்கும் அது தெரியும், பொய்தான் எழுதுவார்கள்.

ஈசூன்வாசி:

குழுவில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஜூலை முதல் வெள்ளி தொடக்கம், பெண்பிள்ளைகளுக்கு நடனம் இணையாக, உறுமி அடுத்த சுற்றில். ஒரே ஒரு கேள்வி மிச்சம்: தேசிய தின வார இறுதியில் வைப்பதா, விடுவதா?

உறுமிக்காரன்:

வையுங்கள். பாதிப் பேர் வரமாட்டார்கள், பரவாயில்லை, பாடத்தை விட்டுவிட்டு ஆட்டம், சாப்பாடு மட்டும். ஒரு வாரம் விட்டால் அடுத்த வாரம் யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள். சாப்பாட்டை மட்டும் முதல் நாளே 12 பேருக்குக் குறைத்துச் சொல்லிவிடுங்கள்.